பார்வை, செவித்திறன் குறைந்த மாணவரையும் சேர்த்து இணைய மாலை வகுப்பு நடத்துவது எப்படி?

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், சேடபட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து இணையவழி மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். சேர்ந்த 21 பேரில் ஒரு மாணவனுக்குப் பார்வை மிகவும் குறைவு. ஒரு மாணவிக்குக் காது சரியாகக் கேட்காது. இருவரும் ஒரு நாள் தவறாமல் வகுப்பில் இணைந்தார்கள் என்பதால் பாடம் அவர்களைச் சென்று சேர்கிறது என்றே நம்பியிருந்தோம். ஆறு வாரம் கழித்து ஒரு சிறு தேர்வு வைத்தபோது இருவரும் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு விடையே எழுதவில்லை. அந்த ஆறு வாரமும் அவர்கள் பெயர் திரையில் இருந்ததே தவிர, அவர்களுக்கு வகுப்பு நடக்கவில்லை. நாங்கள் இழந்த அந்த ஆறு வாரத்தை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். தொடங்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முதல் இரண்டு படிகளையும் முடித்துவிடுங்கள்.

1. ஒவ்வொரு வீட்டோடும் பத்து நிமிடம் பேசுங்கள்

படிவம் அனுப்பி விவரம் கேட்பது போதாது. "பிள்ளைக்கு ஏதாவது குறைபாடு உண்டா?" என்ற கேள்விக்கு எங்கள் பகுதியில் பெரும்பாலான பெற்றோர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யன்று, பிள்ளையை யாரும் ஒதுக்கிவிடக் கூடாதே என்ற கவலை. ஆகவே கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள். கரும்பலகையில் எழுதுவதை எந்த வரிசையில் உட்கார்ந்தால் படிக்க முடிகிறது? புத்தகத்தை முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படிக்கிறான்? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா? எழுத்துகளை இடம் மாற்றி எழுதும் வழக்கம் உண்டா? இப்படிக் கேட்டபோது, பதிவில் யாரும் குறிப்பிடாத இன்னும் மூன்று பிள்ளைகளின் சிரமம் எங்களுக்குத் தெரிய வந்தது.

திறன்பேசி யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்பதையும் இதே பேச்சில் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தை வேலை முடிந்து திரும்பினால்தான் பிள்ளையின் கைக்குத் திறன்பேசி வரும் வீடுகள் பல. மல்லிகைத் தோட்டத்துக்குப் பூவெடுக்கப் போகும் வீடுகளில் விடியும் முன்பே எழ வேண்டியிருப்பதால் இரவு ஒன்பது மணிக்கு வீடே உறங்கிவிடும். இவை எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தபோது இரவு ஏழு மணி முதல் ஏழு நாற்பது வரை என்ற ஒரே இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்தது.

பதினெட்டு வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எனவே, வகுப்பைப் பதிவு செய்வீர்களா, அதை யாருக்குக் கொடுப்பீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பச் சொல்வது நான் பலமுறை கண்ட தவறு. அதைத் தனிச் செய்தியாகக்கூட நீங்கள் வாங்க வேண்டியதில்லை. வகுப்புக்குத் தேவையானது பிள்ளையால் எதைப் படிக்க, கேட்க முடியும் என்ற விவரம் மட்டுமே.

2. தனித்துவ அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும், யு.டி.ஐ.டி. எனப்படும் இந்த அட்டை உங்கள் வகுப்பில் சேருவதற்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது. ஆனால் பொதுத் தேர்வுச் சலுகை, உதவித்தொகை, உதவி உபகரணம் ஆகியவற்றுக்குச் சான்று கேட்பார்கள் என்பதாலும், அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதாலும், பெற்றோருக்குத் தொடக்கத்திலேயே நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு என்று கருதுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு என்பதே வரம்பு. கற்றல் குறைபாடும் அந்த 21 வகைகளுள் அடங்கும் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை.

ஸ்வாவலம்பன் என்னும் அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் அட்டை, முகவரிச் சான்று, அண்மையில் எடுத்த புகைப்படம், கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்குக் கட்டணம் எதுவும் இல்லை; இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும் ஆகும். விண்ணப்பத்துக்குப் பின் மருத்துவ மதிப்பீட்டுக்கு நேரில் செல்ல வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம் என்ற நிறங்களில் அட்டை வரும்.

இதில் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, பெயரின் முன்னெழுத்து. ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். பள்ளிப் பதிவில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். பழைய மருத்துவச் சீட்டில் அதுவும் இருக்காது. மூன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, மதிப்பீட்டு நாள். எங்கள் மாணவனும் அவன் தாயும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறிச் சென்ற நாளில், பார்வையைச் சோதிக்க வேண்டிய மருத்துவர் அங்கு இல்லை. எந்தக் கிழமையில் எந்தக் குறைபாட்டுக்கு மதிப்பீடு நடக்கிறது என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருந்தால் அந்த அலைச்சலைத் தவிர்த்திருக்கலாம். பள்ளி மாணவர் என்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் உங்கள் வட்டார வள மையத்தில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநரிடம் முதலில் பேசுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிப்பீட்டு முகாம் எப்போது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

3. ஒரே செயலியில் நில்லுங்கள்

இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடமும், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூகுள் மீட் 60 நிமிடமும் அனுமதிக்கின்றன. இரண்டில் எது என்பது பெரிய கேள்வியன்று. தேர்ந்தெடுத்ததை ஆண்டு முழுவதும் மாற்றாதிருப்பதே முக்கியம். திரையைப் பார்க்காமல் காதால் கேட்டுப் பயன்படுத்தும் மாணவர், ஒலி நிறுத்தும் பொத்தான் எத்தனையாவது தள்ளலில் வரும் என்பதை மனப்பாடமாக வைத்திருப்பார். நீங்கள் செயலியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் முதலிலிருந்து கற்க வேண்டும்.

மாணவர்கள் காணொளியை அணைத்து வைக்கலாம். டேட்டா பெருமளவு மிச்சமாகும். ஆனால் ஆசிரியரின் முகம் மட்டும் எப்போதும் தெரிய வேண்டும். அதன் காரணத்தை ஏழாவது படியில் சொல்கிறேன்.

4. பாடக்குறிப்பை யூனிகோடில், முந்தைய நாளே அனுப்புங்கள்

நேரம் குறைவாக இருக்கிறது, எல்லாவற்றையும் செய்ய இயலாது என்றால், இந்த ஒரு படியை மட்டுமாவது விடாதீர்கள். எங்கள் ஆறு வாரம் வீணானதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

பார்வை குறைந்த அந்த மாணவனின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தேன். நான் அனுப்பிய அறிவியல் குறிப்பைத் திறந்து, திறன்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டான். பின்பு அதை என் காதில் வைத்தான். "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று, திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் செயலியின் குரல் வாசித்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் "அம்மா" என்ற சொல் கணினிக்குள் இருப்பது அப்படித்தான். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும்தான். ஆறு வாரமும் நான் அனுப்பிய பக்கங்களை அவன் இப்படிக் கேட்டிருக்கிறான். புரியவில்லை என்று சொன்னால் தன்னை வகுப்பிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பேசாமல் இருந்திருக்கிறான்.

எந்தக் கருவியிலும் தமிழ் எழுத்தைத் தமிழாகவே வைத்திருக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் அச்சகங்களிலும் பள்ளிகளிலும் கைமாறும் வினாத்தாள்கள் பல இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலேயே இருக்கின்றன. உங்களிடம் உள்ள கோப்பு எந்த வகை என்று அறிய ஒரு நிமிடம் போதும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப் செய்திப் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே ஒட்டினால் கவலையில்லை. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் அது பழைய எழுத்துரு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் இட்டு யூனிகோடாக மாற்றுங்கள். நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்து உரையாக மாறிக் கிடைக்கும். மாறிய உரையில் ர, ா ஆகியவையும் ன, ண ஆகியவையும் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் ஒரு முறை வாசித்துத் திருத்தாமல் அனுப்பாதீர்கள். இரண்டு பக்கத்தைத் திருத்த எனக்குச் சுமார் இருபது நிமிடம் ஆகிறது.

கரும்பலகையைப் படம் எடுத்து அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டியிருக்கும். படம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அதன் கீழே, படத்தில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். "கண்ணின் படம்" என்று எழுதுவதால் பயனில்லை. "கண்ணின் குறுக்குவெட்டு; இடப்பக்கம் முன்புறத்தில் கார்னியா, அதன் பின்னால் ஐரிஸ், அதற்கும் பின்னால் விழிலென்ஸ், வலப்பக்கக் கடைசியில் விழித்திரை" என்று எழுதினால் அந்தப் பாடத்தின் பாதியை அப்போதே நடத்திவிட்டீர்கள். கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல், சொல்லாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சிறிதளவு பார்வை உள்ளவர்களுக்கு எழுத்தின் அளவு 18 புள்ளிக்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர்ந்த நிறத்தில் இருக்க வேண்டும். "சிவப்பில் உள்ளவற்றை மட்டும் படியுங்கள்" என்று நிறத்தை மட்டுமே அடையாளமாகச் சொல்லாதீர்கள்; நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு அந்த வரி பயன்படாது.

பாடநூலுக்கு வேறு மூலங்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீடுகள் வழியே திக்ஷா தளத்தின் காணொளிகளும், 2023இல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடக் காணொளிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்காக 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. குறைபாட்டுச் சான்றுடன் உறுப்பினராகப் பதிய வேண்டும். ஒரு நூலைப் பார்வையற்ற மாணவருக்காக ஒலியாகவோ உரையாகவோ மாற்றிக் கொடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் வணிக நோக்கமின்றி அவ்வாறு செய்ய அனுமதிக்கிறது.

5. மாணவரின் திறன்பேசியை நேரில் சென்று தயார் செய்யுங்கள்

ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. அணுகல்தன்மை அமைப்புக்குள் சென்று அதை இயக்குங்கள். அடுத்து, உரையிலிருந்து பேச்சு என்ற அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் தமிழ் வரிகளை வாசிக்காமலே தாண்டிப் போய்விடக்கூடும். டாக்பேக் இயங்கும்போது ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொத்தானுக்குப் போகும், இருமுறை தட்டினால் அது திறக்கும், இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகரும். இதை அறியாத வீட்டார் திறன்பேசி கெட்டுவிட்டதென்று பயந்து அணைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒலி கூட்டும், குறைக்கும் விசைகள் இரண்டையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் டாக்பேக் நின்றுவிடும் என்ற குறுக்குவழியை இயக்கி வைத்து, அதைத் தாய்க்கும் கற்றுக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழகுவதற்கு ஒரு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் வேண்டும்.

கணினி இருந்தால் விண்டோஸில் இயங்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை இலவசமாக நிறுவலாம். நேரில் கற்க விரும்புவோருக்கு மதுரையிலேயே இடங்கள் உண்டு. சுந்தரராசன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. எங்கள் மாணவனை ஒரு சனிக்கிழமை அந்த நூலகத்துக்கு அழைத்துச் சென்றோம். போய்வர ஆன செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

மொத்தத்தில் எங்களுக்கு ஆன செலவு இது: காதொலிப்பான் 150 ரூபாய், திறன்பேசி நிறுத்தி 250 ரூபாய், ஆசிரியரின் சட்டையில் செருகும் ஒலிவாங்கி 600 ரூபாய். மாதாந்திர டேட்டா செலவை எப்படியும் அந்த வீடு செய்துகொண்டுதான் இருந்தது. விலை உயர்ந்த கருவியை வாங்கிக் கொடுக்க யாராவது முன்வந்தால், அதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அரசின் இலவசத் திறன்பேசித் திட்டத்தின் தகுதி விவரத்தைக் கேட்டுவிடுங்கள்.

6. வகுப்பு நேரத்தில் சுட்டுச் சொற்களைக் குறையுங்கள்

"இதோ, இது இங்கே வந்து இதோடு சேருகிறது" என்று நாம் ஒரு பாட வேளையில் எத்தனை முறை சொல்கிறோம் என்பது பதிவைக் கேட்டால்தான் தெரியும். என் வகுப்பு ஒன்றைப் பதிவு செய்து, திரையை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் எனக்கே பிடிபடவில்லை. இப்போது "முக்கோணத்தின் உச்சி ஏ-யிலிருந்து அடிப்பக்கம் பி-சிக்குச் செங்குத்துக் கோடு வரைகிறேன்" என்று முழுதாகச் சொல்கிறேன். இதனால் பாடம் மெதுவாகிறது. ஆனால் வழக்கமாகப் பின்தங்கும் மற்ற பிள்ளைகளும் இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் உரையாடல் பெட்டியில் எழுத வேண்டாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு செய்தியையும் டாக்பேக் உரக்க வாசிப்பதால், உங்கள் குரல் அதற்கடியில் மூழ்கிவிடும். பாடத்துக்கு இருபத்தைந்து நிமிடம், கேள்விக்குப் பத்து நிமிடம், எஞ்சியது இணைப்புச் சிக்கலுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

7. கேட்க இயலாத மாணவருக்கு முகமும் எழுத்தும்

விளக்கு உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சன்னலோ விளக்கோ இருந்தால் உதடு தெரியாது. உதட்டை மட்டும் பார்த்து எல்லாம் புரிந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். கண்ணாடி முன் நின்று "படம்", "மடம்" என்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே அசையும். ஆகவே எழுத்து அவசியம். லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற இலவசச் செயலி பேச்சைத் தமிழ் எழுத்தாக உடனுக்குடன் காட்டும். மின்விசிறி இரைந்தாலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அது தடுமாறும். பாடச் சொற்களில்தான் பிழை மிகுதி; "விலகல்" என்று நான் சொன்னது "விளக்கல்" என்று வந்து, அந்த மாணவி அதையே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்தந்தப் பாடத்தின் பதினைந்து கலைச்சொற்களை முந்தைய நாளே அனுப்பிவிடுகிறோம். பிழையான வரியைக் கண்டாலும் எந்தச் சொல் என்று அவளே தெரிந்துகொள்கிறாள். சைகை மொழியில் படித்த மாணவர் என்றால் இவை போதா; சிறப்புப் பயிற்றுநரின் உதவியோடு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும்.

8. ஆசிரியர்களுக்கும் துணை கொடுங்கள்

எங்கள் நால்வரில் ஒருவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். தமிழில் தட்டச்சு அறியாதவர். குறிப்பை யூனிகோடில் கொடுங்கள் என்று அவரிடம் சொன்னது பெரும் சுமையாகிவிட்டது. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சைக் காட்டிக் கொடுத்த பிறகு, நடந்துகொண்டே சொல்லிச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறார். ஒற்றும் நிறுத்தக் குறியும் திருத்துவது மட்டும் என் வேலை. இன்னொருவர் பார்வையற்ற வரலாற்று ஆசிரியர். கணினியில் மீட்டைப் பயன்படுத்தும் அவருக்கு, கன்ட்ரோல் விசையோடு டி சேர்த்து அழுத்தினால் ஒலிவாங்கியும், ஈ சேர்த்து அழுத்தினால் காணொளியும் மாறும் என்ற இரண்டு குறுக்குவழிகளே போதுமாக இருந்தன. எந்த ஆசிரியரும் தனியாக வகுப்பை நடத்த வேண்டாம். ஒருவர் நடத்த, ஒருவர் கை உயர்த்தியவர்களையும் இணைப்பு அறுந்தவர்களையும் கவனிக்கட்டும்.

9. தேர்வுக்கு ஆயத்தம் அரையாண்டுக்கு முன்பே

கூகுள் படிவத்தில் கேள்வியைப் படமாக இடாதீர்கள். நேரக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். விடையைக் குரல் பதிவாக அனுப்ப விரும்பும் பிள்ளைக்கு அதையும் அனுமதியுங்கள்; நீங்கள் சோதிப்பது பாடத்தைத்தான், தட்டச்சு வேகத்தையன்று.

பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், சில வகைக் குறைபாடுகளுக்கு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் செல்ல வேண்டும். மருத்துவச் சான்றின் நகலும் பெற்றோரின் கடிதமும் கேட்பார்கள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் அவசர அவசரமாக ஓட வேண்டியிருக்கும். காலாண்டு விடுமுறை முடிந்த வாரத்திலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, கொடுத்த தாள்களுக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சலுகை கிடைத்த பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. தான் நினைப்பதை இன்னொருவர் எழுதும்படி சொல்வது ஒரு தனிப் பயிற்சி. எங்கள் மாணவன் முதல் நாள் ஒரே மூச்சில் முழு விடையையும் சொல்லிவிட்டான். எழுத வந்த பிள்ளையால் மூன்றாவது வரிக்கு மேல் தொடர முடியவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறு காலையும் பத்து மணிக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொலைபேசியில் எழுத, இவன் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, "புதிய பத்தி", "அடிக்கோடு" என்று சேர்த்துச் சொல்லிப் பழகுகிறான். உங்கள் மாணவருக்கும் இந்தப் பயிற்சியை ஜனவரிக்கு முன் தொடங்கி, வாரம் ஒரு முழு வினாத்தாளாவது முடிக்கச் செய்யுங்கள்.